பதுளை நாத்தனார்

கலாராணி ஏமாளி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் நடந்ததைக் கேட்கிற எல்லோரும் முதலில் அவளைத்தான் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது தராசு முள்ளைப் பார்த்துக் கணக்கப்பிள்ளையோடு மல்லுக்கு நிற்கிறவள் அவள். பெரகல சந்தியில் செவுளைத் தூக்கிக் காட்டாமல் எந்த மீன்காரரும் அவளிடம் ஒரு துண்டு விற்றது கிடையாது. அப்படிப்பட்டவளின் காதில் ஒன்பது வாரம் உட்கார்ந்து பூச்சுற்றியிருக்கிறார்கள் என்றால், சுற்றியவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. படித்தவர்கள்.

ஆய்வு என்ற பெயரில் வந்தார்கள். கிருபாகரன் என்று ஒரு டொக்டர், கொழும்பிலிருந்து. ஊசி போடுகிற டொக்டர் இல்லை, மனதைப் பற்றிப் படித்தவர். நாகமலைத் தோட்டத்து மேல்பிரிவில், தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவை ஒட்டி ஓர் அறை சும்மா கிடந்தது. அதை வெள்ளையடித்து, நடுவில் பலகை அடித்து இரண்டாக்கி, முன்பாதியில் ஆளுயரத் திரை ஒன்றையும் ஒரு நாற்காலியையும் போட்டார். புருஷன் பக்கத்தில் இல்லாமல் குடும்பம் நடத்துகிற பெண்கள் பதினொரு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆளுக்கு வாரத்தில் ஒரு நாள் அரை மணி நேரம், பத்து வாரம். பதுளையிலிருந்து ஒரு பெண் திரையில் வந்து பேசுவாள், மனதில் உள்ளதைச் சொல்லலாம். அறைக்குள் பேசியதை வெளியே வந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளக் கூடாது, சொன்னால் ஆய்வு கெட்டுப்போகும்.

இதையெல்லாம் வீடு வீடாக வந்து விளக்கிக் கையெழுத்து வாங்கியவள் நிரஞ்சலா. ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சை வரை படித்துவிட்டுத் தோட்டத்து முன்பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவள். கலாராணியின் லயத்திலேயே, அந்த வரிசை வீடுகளில் அடுத்த காம்பரா. அவளுடைய அம்மா இறந்தபோது மூன்று மாதம் அவளுக்குச் சோறு போட்டது கலாராணிதான். அவள் 'அக்கா' என்று கூப்பிடுவது வாய்ப்பழக்கத்தில் வருவது இல்லை.

"நாலு பக்கம் இருக்கே, என்னடி எழுதியிருக்கு?"

"சும்மா விதிமுறைதாங்க்கா. நான் இருக்கேன்ல."

அவளே இருக்கும்போது வாசித்துப் பார்க்க என்ன இருக்கிறது? கலாராணி கையெழுத்துப் போட்டாள்.

அவளுக்குப் புதன்கிழமை கிடைத்தது. முதல் புதன், கால் கழுவி, சேலை மாற்றி, டவுனுக்குப் போகிற மாதிரிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். திரையில் ஒரு பெண் இருந்தாள். முப்பத்தைந்து வயது சொல்லலாம். காதோரம் இரண்டு நரை, வலது புருவத்தில் சின்னத் தழும்பு. கண்ணை இமைத்தாள், மூச்சு விட்டாள், சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பெயர் சுகந்தி என்றாள்.

"பதுளையில என்னங்க அவ்வளவு குளிரு?" என்றாள் கலாராணி. அவளுக்கு வாய் சும்மா இருக்காது.

சுகந்தி சற்று யோசித்தாள். பிறகு சிரித்தாள். "ஆபீஸ்ல ஏசி போட்டு வெறைக்க வைக்கிறாங்க."

நல்ல சிரிப்பு. எது கேட்டாலும் கொஞ்சம் நிதானித்து, யோசித்துத்தான் பதில் சொன்னாள். அந்த நிதானம் கலாராணிக்குப் பிடித்துப்போனது. இந்த லயத்தில் யார் யோசித்துப் பேசுகிறார்கள்?

அப்புறம் தோட்டத்து ஆள் புது ஆளிடம் கேட்கும் கேள்வியைக் கேட்டாள். நீங்க எந்தத் தோட்டம், அப்பா பக்கம் எங்கே? இரண்டு ஊரும் மூன்று பெயரும் கேட்டால் போதும், நம் ஆட்களுக்குள் எப்படியும் ஓர் உறவுமுறை வந்துவிடும். வந்த பிறகுதான் பேச்சே ஆரம்பமாகும்.

"நானும் லயத்துல பொறந்தவதாங்க."

"எங்க வீட்டுக்காரரு ஊரு ஹாலிஎலப் பக்கம்."

ஒரு யோசனை. "எங்க அப்பாவும் ஹாலிஎலதாங்க."

"அட! அப்ப எங்க வீட்டுக்காரரு ஒங்களுக்கு அண்ணன் முறையில்ல வரும்?"

"ஆமாங்க, அண்ணன் முறைதான். அப்ப நீங்க எனக்கு மதினி."

தீர்ந்தது கதை. கலாராணிக்கு ஒரு நாத்தனார் கிடைத்துவிட்டாள்.

அவளுடைய புருஷன் ஜெயகுமாருக்குக் கூடப்பிறந்த பெண் இல்லை. கொழும்பில் ஹார்ட்வெயார் கடையில் வேலை என்று போய் நாலு வருடம். தீபாவளிக்கு வருவான், பொங்கலுக்கு வருவான் என்று சொல்லிச் சொல்லி, மகள் லக்ஷிகாவுக்குப் பதின்மூன்று வயதாகிவிட்டது. கேட்கிறவர்களிடம் "லீவு குடுக்க மாட்டேங்கிறாங்க" என்று கலாராணி சொல்வாள். மகளிடமும் அதையேதான் சொன்னாள்.

உண்மை அவளுக்கு மட்டும் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு காலை ஜெயகுமாருக்குப் போன் போட்டாள். மழலை மாறாத ஒரு குரல் எடுத்து, "அப்பா குளிக்கிறாரு" என்றது. கலாராணி தவறான நம்பர் என்று நினைத்து வெட்டிவிட்டு மறுபடி போட்டாள். மறுபடி அதே குரல். பிறகு மெதுவாக விசாரித்ததில் வத்தளை, ஒரு பெண், ஒரு பிள்ளை என்று எல்லாம் தெரிந்தது. அன்று முதல் அதை விழுங்கிக்கொண்டு நடமாடினாள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டில் நின்றாள், கொழுந்து எடுத்தாள், மற்றவர்களோடு சிரித்தாள். சொன்னால் நாளைக் காலைக்குள் மலை முழுக்க ஏறிவிடும். பிள்ளையைப் பார்த்து நாலு பேர் உச்சுக் கொட்டுவார்கள். அதுதான் அவளால் தாங்க முடியாதது.

நாலாவது புதன் சுகந்தியிடம் சொன்னாள். சொல்ல வேண்டும் என்று போகவில்லை. "அண்ணன் எப்ப மதினி வருவாரு?" என்று சுகந்தி கேட்டாள். வழக்கமாக வருகிற லீவுப் பொய் அன்று வாய்க்கு வரவில்லை. முழுவதையும் கொட்டினாள். பேசி முடித்து நிமிர்ந்தபோது திரையில் சுகந்தியின் கண்ணில் தண்ணீர் நின்றது. ஒரு சொட்டு கன்னத்தில் இறங்கியது.

"எங்க அண்ணன் செஞ்சதுக்கு நான் மன்னிப்புக் கேக்குறேன் மதினி."

கலாராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இரண்டு வருடத்தில் அவளுக்காக ஒருத்தி கண் கலங்கியது அன்றுதான். அதுவும் புருஷன் வீட்டு ஆள். வெளியே வந்தபோது நிரஞ்சலா வாசலில் நின்றாள். "தண்ணி குடிக்கிறீங்களாக்கா?" என்று கேட்டுக் கோப்பையை நீட்டினாள். கலாராணியின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

ஏழாவது வாரம் லக்ஷிகா பள்ளிக்கூடத்தில் வைத்துப் பெரியவளானாள். பதினாறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை சடங்கு என்று முடிவானது. தாய்மாமனுக்குக் குறைவில்லை. கலாராணியின் தம்பி வெலிமடையில் மரக்கறித் தோட்டம் போடுகிறவன், சீரோடு வருகிறேன் என்றான். ஆனால் பிள்ளையின் தலைக்கு முதல் குடம் தண்ணீர் அத்தைக்காரி ஊற்ற வேண்டும், அதாவது தகப்பனோடு பிறந்தவள், இல்லாவிட்டால் தகப்பன் பக்கத்தில் சகோதரி முறை உள்ளவள். 'இது எங்கள் வீட்டுப் பிள்ளை' என்று அப்பன் வீட்டார் ஊரறியச் சொல்வது அந்தக் குடத்தால்தான். அப்பனும் வராமல், அப்பன் பக்கத்தில் அத்தையும் நிற்காமல் போனால், கலாராணி மூடி வைத்ததை ஊரே திறந்துவிடும்.

முறைப்படி பார்த்தால் ரெங்கம்மா இருந்தாள். ஜெயகுமாரின் பெரியப்பா மகள், இந்தத் தோட்டத்திலேயே வாழ்க்கைப்பட்டவள். அவளாகவே வந்தாள்.

"என் தம்பி மகளுக்கு நான் ஊத்துறேன்டி. அவன் எப்ப வாறான்?"

ரெங்கம்மா நல்லவள், ஆனால் நூலைப் பிடித்தால் நுனி வரைக்கும் போகாமல் விடமாட்டாள். சுகந்தி அப்படியில்லை. எல்லாம் தெரிந்தவள், வாயைத் திறக்காதவள்.

"இல்லங்க மதினி, பதுளையிலேருந்து எங்க நாத்தனா ஒண்ணு வருது. அதுதான் ஊத்தணும்னு ஆசப்படுது."

"எனக்குத் தெரியாத நாத்தனாவா?" ரெங்கம்மாவின் முகம் சுருங்கிப்போனது. அப்படியே எழுந்து போனாள்.

எட்டாவது புதன் கலாராணி தட்டோடு போனாள். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மஞ்சள், ஒரு முழம் பூ. நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே தட்டை இரண்டு கையாலும் திரைக்கு நேரே நீட்டினாள்.

"ஒங்க அண்ணன் மகளுக்குச் சடங்கு வச்சிருக்கு. நீங்க வந்து முன்னுக்கு நின்னு தண்ணி ஊத்தணும்."

அன்றைக்கு யோசனை வழக்கத்தைவிட நீண்டது. பிறகு சுகந்தியின் முகம் மலர்ந்தது.

"நான் வராம வேற யாரு மதினி வருவா? கண்டிப்பா வாறேன்."

தட்டை என்ன செய்வது? திரைக்குள் நீட்ட முடியாது. கலாராணி கதவைத் திறந்து நிரஞ்சலாவைக் கூப்பிட்டாள். "அவங்ககிட்ட சேத்துருவியாடி?" நிரஞ்சலா தட்டைப் பார்த்தாள், கலாராணியைப் பார்த்தாள். கடைசியில் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாள். வெற்றிலை கைமாறினால் வாக்கு கைமாறியதுதான். அதற்குப் பிறகு போன் போட்டு விசாரிப்பது அழைத்தவளுக்கும் அழகில்லை, அழைக்கப்பட்டவளுக்கும் மரியாதையில்லை. கலாராணி கேட்கவில்லை. அடுத்த புதன், ஒன்பதாவது வாரம், "ஞாயித்துக்கெழம பாப்போம்" என்று சொல்லி எழுந்து வந்துவிட்டாள்.

ஞாயிறு காலை லயத்து முற்றத்தில் பந்தல் நின்றது. வெல்லவாயாவிலிருந்து தென்னோலை வந்திருந்தது, ஒலிபெருக்கி எட்டு மணிக்கே அலறத் தொடங்கிவிட்டது. நல்ல நேரம் ஒன்பதரை முதல் பத்தரை வரை. லக்ஷிகா மஞ்சள் பூசிய முகத்தோடு மணையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஐந்து குடத்தில் மஞ்சள் தண்ணீர். பனி இன்னும் முழுதாக விலகவில்லை, பிள்ளைக்குப் பல்லடித்தது.

ஒன்பதே முக்கால் ஆனது. பதுளை பஸ் பெரகலைக்கு வந்து போய்விட்டதாக ஆள் வந்து சொன்னது. பத்து மணி. கலாராணி ரோட்டு வளைவையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கீழ் லயத்து மரியகொரட்டி பொறுக்க முடியாமல் கேட்டாள். "யாருக்குடி காத்துக்கிட்டு இருக்க? புள்ள வெறைக்குது பாரு."

"எங்க நாத்தனா வரணும். பதுளையிலேருந்து."

"என்ன பேரு?"

"சுகந்தி."

மரியகொரட்டியின் முகத்தில் ஈயாடவில்லை. "புருவத்துல தழும்பு இருக்குமே, அந்தச் சுகந்தியா?"

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"என்னடி சொல்ற, அது என் நாத்தனா! எங்க வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மக முறை. நத்தாருக்கு வாறேன்னு சொல்லியிருக்கு, மாதா கோயில் பூசைக்குக் கூட்டிட்டுப் போறதா இருக்கேன்."

"நீ வேதக்காரி. எங்க ஆளு எப்படி ஒனக்கு முறையாகும்?"

பின்வரிசையிலிருந்து இன்னொருத்தி மெல்ல எழுந்தாள். "என்னையும் மதினின்னுதான் கூப்புடும்," என்றாள். யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார்கள். அறைக்குள் பேசியதை வெளியே பேசாமல் ஒன்பது வாரம் கட்டிக்காத்த பெண்கள், பந்தலுக்குக் கீழே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எல்லோருக்கும் ஒரே நாத்தனார். பிறகு எல்லாக் கண்ணும் ஒன்றாக நிரஞ்சலாவின் பக்கம் திரும்பியது. அவள் பூத்தட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்கி முடித்த தட்டையே திரும்பத் திரும்ப அடுக்கினாள்.

"நிரஞ்சலா, போன் போட்டுக் கேளு, எங்க வருதுன்னு."

"அக்கா, கொஞ்சம் உள்ள வாங்க."

"எதுக்கு உள்ள? இங்கேயே சொல்லு."

"அப்படி ஒரு ஆளு இல்லக்கா."

கலாராணிக்கு விளங்கவில்லை. நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "என்னடி சொல்ற? செத்துப்போச்சா?"

"பொறக்கவே இல்லக்கா. கம்ப்யூட்டர்ல செஞ்ச உருவம். மொகம், கொரலு, பேச்சு எல்லாம் அதுவே செய்யிறது. ஆய்வு முடியிற வரைக்கும் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட எழுதி வாங்கியிருக்காங்க."

ஒலிபெருக்கியை யாரோ நிறுத்தினார்கள்.

"வெத்தல வாங்குனியே," என்றாள் கலாராணி. வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை. "ரெண்டு கையால வாங்குனியேடி."

நிரஞ்சலா பூத்தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பத்தே கால். மணையில் பிள்ளை நடுங்கிக்கொண்டிருந்தது. கலாராணி பந்தலின் ஓரத்துக்குப் போனாள். அங்கே ரெங்கம்மா கையைக் கட்டிக்கொண்டு, வராதவள் மாதிரி வந்து உட்கார்ந்திருந்தாள்.

"மதினி, நீங்க வந்து ஊத்துங்க."

"நேத்து வரைக்கும் நான் ஆகல. இன்னைக்கு ஆயிட்டனா?"

"தப்புத்தான். வாங்க மதினி, நேரம் போகுது."

"வாறேன். தகப்பன் பக்கத்து ஆளா நிக்கணும்னா நான் ஒண்ணு கேக்கணும். தகப்பன் எங்க?"

"லீவு..."

"லீவு கதை வேணாம். முந்தாநாளு அவனுக்குப் போன் போட்டேன். ஒரு பொம்பள எடுத்துச்சு. யாருடி அது?"

முற்றத்தில் இருந்த நூறு பேரும் கலாராணியைப் பார்த்தார்கள். பொய் சொல்ல வழியில்லை. சொல்லாமல் இருக்க நேரமில்லை. இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்ததை, ஒரே ஒரு ஆளிடம் மட்டும் நம்பிச் சொன்னதை, கலாராணி அந்தப் பந்தலில் வைத்து வாய்விட்டுச் சொன்னாள்.

"வத்தளையில அவருக்கு வேற குடும்பம் இருக்கு. ஒரு புள்ளையும் இருக்கு."

ரெங்கம்மாவின் கட்டிய கை தானாக அவிழ்ந்தது. கேட்டிருக்கக் கூடாது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். விறுவிறுவென்று நடந்து போய் முதல் குடத்தைத் தூக்கினாள். "இது எங்க வீட்டுப் புள்ள. யாராச்சும் இல்லைன்னு சொல்லுங்க பாப்போம்," என்று சத்தமாகச் சொல்லிவிட்டு ஊற்றினாள். தண்ணீர் தலையில் விழுந்தும் லக்ஷிகா கண்ணை மூடவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் சாப்பாடு நடந்தது, சீர் வைத்தார்கள், படம் பிடித்தார்கள். எல்லோரும் போன பிறகு பட்டுச்சேலையைக்கூட அவிழ்க்காமல் பிள்ளை கேட்டாள்.

"எப்பலேருந்து ஒனக்குத் தெரியும்?"

"ரெண்டு வருசமா."

"யார்கிட்ட சொன்ன?"

கலாராணி சிந்திக் கிடந்த பூவைப் பொறுக்கத் தொடங்கினாள்.

"அந்த டிவி பொம்பளைகிட்ட சொன்னியா? எங்கிட்ட லீவு இல்லைன்ன. அதுகிட்ட நெசத்தச் சொன்னியா?"

அதன் பிறகு இரண்டு நாள் அவள் அம்மாவிடம் பேசவில்லை. கலாராணியும் பேச வைக்கப் பார்க்கவில்லை. பிள்ளை கேட்டதில் என்ன தவறு?

திங்கட்கிழமை பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது நிரஞ்சலா வந்து பக்கத்தில் நின்றாள். கண் வீங்கியிருந்தது. மீதியையும் சொல்லிவிடுகிறேன் என்றாள்.

"அதுக்கு நம்ம பேச்சு சரியா வெளங்காதுக்கா. பலகைக்கு அந்தப் பக்கம் நான் ஒக்காந்திருப்பேன். நீங்க பேசப் பேச நான் டைப் பண்ணிக் குடுப்பேன். அப்புறம்தான் அது பதில் சொல்லும். யோசிக்கிற மாதிரி இருக்குமே, அது நான் டைப் பண்ற நேரம்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"வத்தளைய?"

நிரஞ்சலா தலையாட்டினாள்.

"மதினின்னு கூப்புடச் சொன்னது யாரு?"

"பேரச் சொல்லி வாங்க போங்கன்னா நம்ம ஆளுங்க வாய் தொறக்க மாட்டாங்க, முறை வச்சுக் கூப்புடணும்னு டொக்டர்கிட்ட நான்தாங்க்கா சொன்னேன். அடுத்த ஆய்வுக்குக் கொழும்புக்கே கூட்டிக்கிறேன்னாரு. நான் இங்கேருந்து போயிரணும்னு நெனச்சேன். இப்படி ஆகும்னு நெனக்கல."

வாளி நிரம்பி வழிந்தது. கலாராணி அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். ஒரு யந்திரம் ஏமாற்றியது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. யந்திரத்துக்கு என்ன தெரியும்? மூன்று மாதம் தன் கையால் சோறு வாங்கித் தின்றவள், தன் வீட்டு அழுகையை ஒரு எழுத்து விடாமல் தட்டிக்கொண்டு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாளே, அதுதான் நெஞ்சை அறுத்தது.

புதன்கிழமை டொக்டர் கிருபாகரன் வந்தார். சேதி அவருக்கு எட்டியிருந்தது. பதினொரு பேரையும் உட்கார வைத்து, பிளேன்டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, மன்னிப்பும் கேட்டார். மனிதரைப் போலவே இருக்கும் உருவத்திடம் ஆட்கள் எவ்வளவு மனம் விடுகிறார்கள், எவ்வளவு நம்புகிறார்கள் என்று பார்ப்பதுதான் ஆய்வாம். முன்கூட்டிச் சொன்னால் பார்க்க முடியாதாம். அதிலும் ஆறு பேருக்கு அழாத சுகந்தியும் ஐந்து பேருக்கு அழுகிற சுகந்தியும் வைத்துப் பார்த்தார்களாம். அழுகிற சுகந்தியிடம்தான் அதிகம் பேசியிருக்கிறார்கள் என்று சொல்லும்போது அவரையும் அறியாமல் முகத்தில் ஒரு பிரகாசம் வந்தது.

"விருப்பமில்லாதவங்க சொல்லுங்க. நீங்க பேசினது எல்லாத்தையும் அழிச்சிடுவோம்."

"அழிச்சா, நிரஞ்சலா காதுல விழுந்ததும் அழியுமாங்க?" என்று கலாராணி கேட்டாள். டொக்டர் வாய் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள். "எனக்கு இன்னும் ஒரு வாரம் பாக்கி இருக்கு. பத்துன்னுதான சொன்னீங்க? இன்னைக்குப் பேசணும். நிரஞ்சலா அந்தப் பக்கம் இருக்கணும்."

டொக்டர் உடனே சம்மதித்தார். தெரிந்த பிறகும் பேசுகிறவர்களைப் பற்றியும் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது போல.

கலாராணி மலையிலிருந்து இறங்கிய உடுப்போடு நாற்காலியில் உட்கார்ந்தாள். அதே காதோர நரை, அதே தழும்பு. பாழாய்ப்போன அந்த முகத்தைப் பார்த்ததும் மனம் ஒரு கணம் இளகியது. அதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

"வாங்க மதினி. சடங்கு நல்லா நடந்துச்சா?"

"நடந்துச்சு. இப்ப நான் சொல்றத நீ கேக்க வேணாம். அந்தப் பக்கம் இருக்கிறவ கேக்கட்டும்." பலகையின் பக்கம் திரும்பாமல், திரையைப் பார்த்தபடியே பேசினாள். "நிரஞ்சலா, ஒரு எழுத்து விடாம அடி. ஒங்கம்மா செத்தப்ப நீ எங்கிட்ட அழுதத நான் யார்கிட்டயும் சொல்லல. யாருக்கும் எழுதிக் குடுக்கல. நீ என்னெல்லாம் சொல்லி அழுதன்னு ஒனக்கும் எனக்கும்தான் தெரியும். இன்னமும் எனக்குள்ளதான் இருக்கு."

பலகைக்குப் பின்னால் விரல்கள் தட்டுகிற சத்தம் கேட்டது. இத்தனை வாரமும் அது கேட்டிருக்கும். மழை என்றோ எலி என்றோ நினைத்திருப்பாள்.

"கேக்கவே கஷ்டமா இருக்கு மதினி," என்றாள் சுகந்தி. கண்ணில் தண்ணீர் திரண்டது. "ஒங்களுக்கு இப்ப என்ன செஞ்சா ஆறுதலா இருக்கும்?"

"நீ சும்மா இரு. இதையும் அடி நிரஞ்சலா. இனிமே எனக்கு முறை சொல்லாத. அக்கான்னு கூப்புடாத. எதுக்காச்சும் கூப்புடணும்னா கலாராணின்னு பேரச் சொல்லிக் கூப்புடு. வேத்தாளு மாதிரி கூப்புடு."

தட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். திரையில் சுகந்தி இமைத்தாள், மூச்சு விட்டாள், சால்வையைச் சரிசெய்தாள், காத்திருந்தாள். கலாராணியும் காத்திருந்தாள். பலகைக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. பிறகு மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, தட்டுகிற சத்தம் திரும்ப வந்தது.

அதைத் தனக்குச் சொன்னதாகவே எடுத்துக்கொண்ட சுகந்தி நிமிர்ந்து, ஒன்பது வாரமும் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தாள்.

"சரிங்க கலாராணி. இனிமே அப்படியே கூப்புடுறேன்."

கலாராணி எழுந்துவிட்டாள். நிரஞ்சலாவுக்கு வலிக்கட்டும் என்றுதான் சொன்னாள். ஆனால் சுகந்தியின் வாயிலிருந்து மதினி என்ற சொல் போனதும் அவளுக்குத்தான் வலித்தது. பிறக்காதவள் ஒருத்தி உறவை அறுத்துக்கொண்டதற்கு அழுகை வருகிறது என்று யாரிடம் சொல்ல முடியும்? நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, அழுகை அடங்கும் வரை அங்கேயே நின்றாள். அந்தப் பக்கத்தில் யாரும் எதையும் தட்டவில்லை.